மூக்கில் இல்லாத துளை

பச்சியப்பனுக்குத் தர்மபுரித் தாலுகாவில் எல்லாரையும் தெரியும். இரண்டணா கொடுத்தால் போதும்.

பதிவு ஆபீஸ் புளியமரத்தடியில் இருபது வருஷமாக அவனுக்கு அதுதான் பிழைப்பு. நிலம் எழுதிக்கொடுக்க வந்தவரை அறிந்த சாட்சி யார் என்று உள்ளேயிருந்து குரல் வந்தால், முன்பின் பார்த்திராத மனிதரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து இவரைத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவான். ஒரு நாள் காலையில் ஒருவரைத் தர்மன் என்று அடையாளம் காட்டிவிட்டு, மத்தியானம் அதே ஆளைத் தர்மனின் மச்சான் என்று காட்டப் போக, அந்த ஆபீஸ் ரைட்டர் சவுரியப்பனிடம் வசமாக மாட்டிக்கொண்டான். சவுரியப்பன் அவனை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. ஓய்வு பெற்று, துப்பறியும் தொழிலில் இறங்கியபோது தம்மோடு சேர்த்துக்கொண்டார். பொய் சொல்லுகிற முகம் எப்படி இருக்கும் என்று ஒத்துப் பார்க்கக் கைவசம் ஒரு மாதிரி வேண்டுமே என்பது அவர் சொன்ன காரணம். பச்சியப்பன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

1938ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, ஜனோபகாரப் பாங்கியின் ஏஜெண்ட் வெங்கோபராவ் இருவருக்கும் ஆள் அனுப்பியிருந்தார். அவர் மேஜைக்கு முன்னால் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். பதினேழு வயது இருக்கும். துவைத்துத் துவைத்து நைந்துபோன சட்டை. பெயர் வேடியப்பன், வத்தல்மலைக்கு மேலே சின்னாங்காடு என்ற பத்து வீட்டுக் குடியிருப்பு. அங்கிருந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஒரே பிள்ளை. சேலத்தில் காலேஜ் படிக்க ஒரு தர்ம டிரஸ்ட் உபகாரச் சம்பளம் கொடுக்கச் சம்மதித்திருந்தது. ஆனால் மாணவன் பெயரில் பாங்கிக் கணக்கு இருந்தால்தான் கொடுப்பார்கள். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் கணக்கு நம்பர் தந்தியில் போய்ச் சேராவிட்டால், அந்த இடம் இன்னொருவனுக்குப் போய்விடும்.

மாணவன் கணக்குத் திறக்க பாங்கி இரண்டு அத்தாட்சி கேட்டது. ஒன்று, பள்ளிக்கூடத்தில் கொடுத்த எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகமும் அதிலுள்ள அங்க அடையாளமும். இரண்டாவது, இவனை எனக்குத் தெரியும் என்று ஒருவர் கையெழுத்து. முதலாவதிலேயே வண்டி நின்றுவிட்டது.

வெங்கோபராவ் புஸ்தகத்தை விரித்துக் காட்டினார். தர்மபுரி ஹைஸ்கூலில் நாலாம் பாரத்தில் சேர்ந்த வருஷம் எழுதிய அடையாளங்கள் இரண்டு. வலது மூக்கில் குத்திய துளை. இடது கணுக்காலுக்கு மேல் தீப்பட்ட தழும்பு. தழும்பு இருந்தது. மூக்குதான் மொழுமொழுவென்று இருந்தது.

"தூர்ந்து போயிருக்கும்னு பையன் சொல்றான்" என்றார் வெங்கோபராவ்.

"போவுமுங்க. எங்கூட்டுக் கெணறே தூர்ந்து போச்சு, மூக்கு எந்த மூலைக்கு" என்றான் பச்சியப்பன்.

சவுரியப்பன் பையனைப் பக்கத்தில் அழைத்து மூக்கைப் பார்த்தார். துளை தூர்ந்தாலும் ஊசி போன இடத்தில் ஒரு சின்னக் குழி நிற்கும். இங்கே அந்தக் குழிகூட இல்லை. பையன் கண்ணை ஒரு தரம்கூடத் தாழ்த்தவில்லை. பொய் சொல்லுகிறவன் மூக்கைக் காட்டும்போது கண் எங்காவது ஓடும். இவனுடைய கண், பார்த்துச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுவதுபோல இருந்தது. பச்சியப்பனுக்கு அது பிடிபடவில்லை.

பையனை வெளியே அனுப்பிவிட்டு ஏஜெண்ட் ஒரு தபால் கார்டை எடுத்து வைத்தார். முந்தின நாள் வந்ததாம். தமிழில் எழுதியிருந்தது, கையெழுத்து இல்லை. "ஐயா, வேடியப்பன் என்ற பெயரில் கணக்குத் திறக்க வரும் பையன் வேடியப்பன் அல்ல. மூக்கைப் பார்க்கவும். காலில் உள்ள தழும்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பிற்பாடு களிக்கரண்டியைக் காய்ச்சி வைத்தது."

பங்காளிக் காய்ச்சல், வேறென்ன என்று பச்சியப்பன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். ஒரு பிள்ளை படித்து மேலே போனால் பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக்கு வயிறு எரியும். சவுரியப்பன் கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்கு மலை ஏறணும், செருப்பைத் தைத்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

*

வெள்ளிக்கிழமை அடிவாரத்திலிருந்து மூன்று மணி நேரம் நடை. பாதி வழியிலேயே பச்சியப்பன், இந்த மலையைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்தான்.

பையனின் தாய் சாலம்மாள் சாமை விதைக்கக் காட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை. வந்தவர்கள் பாங்கியிலிருந்து என்று கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, எம்மவன் வேடியப்பன் சௌக்கியமா, சாப்பிட்டானா என்றுதான் முதலில் கேட்டாள். அப்புறம்தான் உட்காரச் சொன்னாள்.

காட்டு ஓரத்தில் முழ உயரத்துக்கு வரிசையாகக் கற்கள் நட்டிருந்தன. செத்தவர்களுக்கு நட்ட கற்கள் என்று அவளே சொன்னாள். வருஷா வருஷம் சாமை அறுத்ததும் புதுக் கஞ்சி வைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் நின்று அவரவர் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால்தான் வந்து குடிப்பார்களாம். உயிரோடு இருக்கிறவர் பெயரை அங்கே தப்பித் தவறியும் சொல்லமாட்டார்கள்.

கடைசிக் கல் புதுசாக இருந்தது. சின்ன மகன் மாதுவுக்கு நட்டதாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் மலைக்காய்ச்சலில் போய்விட்டான்.

பச்சியப்பன் கால் கடுக்கிறதென்று அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் குந்தினான். குந்தினவன் மண்ணில் ஏதோ மினுங்குவதைப் பார்த்து நோண்டி எடுத்தான். கடுகளவு கனத்தில் ஒரு பித்தளை வளையம்.

"கல்லுக்கு எதுக்குங்க மூக்குத்தி" என்றான், சவுரியப்பன் காதுக்கு மட்டும்.

சவுரியப்பன் அதை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். பிறகு சாலம்மாளிடம் ஊர்ப்பேச்சுப் போல ஒவ்வொன்றாகக் கேட்டார். முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது வேடியப்பன். அவனாவது தக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மூக்கைக் குத்தி வளையம் போட்டார்கள். அடுத்த வருஷமே மாது. இரண்டு பேரும் அச்சாக ஒரே ஜாடை. அடிவாரப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"மாதுவுக்கும் மூக்குக் குத்துனீங்களா ஆத்தா?"

"அவனுக்கு எதுக்குங்க. மூத்தவனுக்குத்தான் குத்துனது."

சவுரியப்பன் கையை விரித்துக் காட்டினார்.

சாலம்மாள் அந்த வளையத்தைப் பார்த்தாள். பொறுக்கிய கல்லெல்லாம் மடியிலிருந்து சரிய, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று பச்சியப்பன் எதிர்பார்த்தான். அவள் அழவில்லை, அழுது முடித்தவள்போலப் பேசினாள்.

தர்மபுரி ஆஸ்டலில் மலைப்பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே இலவச இடம். மூத்தவன் பெயருக்குக் கிடைத்தது. ஒரு மாதம் போய்ப் படித்தான், காய்ச்சலோடு திரும்பி வந்தான், போய்ச் சேர்ந்தான். இடம் கைவிட்டுப் போய்விடக் கூடாதென்று சின்னவனை அண்ணன் பெயரில் அனுப்பிவிட்டாள். ஐம்பது பிள்ளைகளில் ஒரு மாதம் பார்த்த முகம், வாத்தியார்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பத்து வீடும் கூடிப் பேசி வாயைக் கட்டிக்கொண்டது. மணியக்காரர் சாவுக் கணக்கில் மாது என்று எழுதிக்கொண்டு போனார்.

"போனவனுக்கு ஒரு பேரு வேணுமில்லீங்களா, கல்லுகிட்ட நின்னு கூப்புட. அவம் பேரு பள்ளிக்கூடத்துல இருக்குது. சின்னவம் பேரக் குடுத்துட்டேன்."

சவுரியப்பன் காலில் உள்ள தழும்பைப் பற்றிக் கேட்டார்.

"காலச் சுட்டது நாந்தானுங்க. கண்ண மூடிக்கிட்டுச் சுட்டேன். மூக்கக் குத்த மட்டும் கை வரலீங்க. மூத்தவன் தக்கணும்னுதான் குத்துனோம். தக்கலியே. அதே தொளைய இவனுக்கும் போட்டா, எமன் இவந்தான்னு அடையாளம் கண்டுக்குவானுங்க."

பச்சியப்பன் மெல்ல எழுந்து அந்தக் கல்லைவிட்டுத் தள்ளிப் போய் நின்றான். வாயில் ஒரு கேலி வரவில்லை. வராதது அவனுக்கே பயமாக இருந்தது.

சவுரியப்பன் கடைசியாகத் தபால் கார்டை எடுத்து வாசித்தார். உங்களுக்கு வேண்டாதவர் யாராவது உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான். மூக்கைப் பார்க்கவும் என்கிற வரை சாலம்மாள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். களிக்கரண்டி என்ற இடத்தில் தலை நிமிர்ந்தாள். கார்டைக் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வரிகளின் மேல் பெருவிரலை மெதுவாக ஓட்டினாள்.

"எழுத்து நல்லா இருக்குதுங்களா?"

"முத்து முத்தா இருக்குது ஆத்தா" என்றார் சவுரியப்பன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். பாங்கியில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள் என்று கேட்டாள். சொன்னார்கள். எம்மவன் படிச்சிக்கட்டுமுங்க, பார்த்துச் செய்யுங்க என்று கும்பிட்டுவிட்டு மறுபடி கல் பொறுக்கப் போய்விட்டாள்.

இறங்கும்போது பச்சியப்பனால் பொறுக்க முடியவில்லை. எழுதின பாவி யாராயிருக்கும் என்று ஒன்பது வீட்டையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தான். சவுரியப்பன் ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"பச்சி, உன்னைக் காட்டிக்கொடுத்து ஒருத்தன் மொட்டைக் கடுதாசி போட்டா, நீ என்ன கேப்பே?"

"எவன்டா எழுதுனதுன்னு கேப்பேன்."

"அந்தம்மா கேக்கலையே. எழுத்து நல்லா இருக்குதான்னு கேட்டுது. பெத்த புள்ள எழுத்தப் பத்தித்தான்டா ஒரு தாய் அப்படிக் கேக்கும். களிக்கரண்டி சுட்டது உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். சுட்டவளுக்கு எழுதத் தெரியாது."

பச்சியப்பன் எண்ணிக்கொண்டிருந்த விரல்களை மடக்கிக்கொண்டான். தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறவனை அவன் தொழிலில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

*

சனிக்கிழமை பத்தரை மணிக்கு, பாங்கிக்கு எதிரே இருந்த காபி கிளப்பில் பையனை உட்கார வைத்து, சவுரியப்பன் கார்டை அவன் முன்னால் வைத்தார். அவன் மறுக்கவில்லை. ஒப்புக்கொண்டபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

அம்மாவிடம் மாட்டேன் என்று சொல்ல அவனால் முடியவில்லை. வேறு யாராவது நிறுத்தட்டும் என்று எழுதிப் போட்டுவிட்டு, நிறுத்துவார்கள் என்று நம்பித்தான் பாங்கிக்கே வந்தானாம். மூன்று வருஷமாக லீவுக்கு ஊருக்குப் போகிறான். சாமை அறுத்த அன்றைக்குக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறான். ஊரே கூடி அவன் பெயரை மூன்று தரம் கூப்பிடுகிறது.

"வருசா வருசம் எம்பேரக் கூப்புடறாங்க. என்னைய ஒருத்தரும் கூப்புடறதில்லீங்க" என்றான். "எங்கண்ணனுக்கு ஒரு வாய்க் கஞ்சி இல்ல. அதும் பேரச் சொல்ல ஆளில்ல."

இதை அம்மாவிடமே சொல்லியிருக்கலாமே என்றான் பச்சியப்பன்.

"வேடியப்பான்னு என்னக் கூப்புடறப்ப எங்கம்மா மொகத்தப் பாக்கணுமுங்க. அந்த ஒரு நிமிசந்தான் அது நல்லா இருக்கும்."

சவுரியப்பன் கார்டை எடுத்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருஷம் பதிவு ஆபீசில் ஒரு பொய்க் கையெழுத்தைக்கூட விட்டுவைக்காத மனிதர். கடைசியில் அவர் சொன்னது இதுதான். பரீட்சை எழுதியது நீ, தேறியது நீ. பெயர் ஒன்றுதான் உன்னுடையது இல்லை. அதற்காகப் படிப்பை விட்டுவிட்டு மலையில் கல் பொறுக்கினால் உன் அண்ணனுக்கு வயிறு நிறைந்துவிடாது. துளை தூர்ந்துவிட்டது என்று நான் எழுதிக் கொடுக்கிறேன், நீ சேலம் போ.

பையன் தலையைக் குனிந்துகொண்டு சரியென்றான். அறிந்த சாட்சிக்கு நானிருக்கிறேன், கூலி வேண்டாம் என்றான் பச்சியப்பன்.

பதினொன்றரைக்கு எல்லாம் சுமுகமாக நடந்தது. வெங்கோபராவ் சவுரியப்பனின் சொல்லை ஒரு தரம்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. பாரத்தைப் பச்சியப்பன் பக்கம் தள்ளினார். அவன் பேனாவை மையில் தோய்த்தான். வேடியப்பன் என்கிற இவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று எழுத வேண்டும். இருபது வருஷத்தில் எத்தனை நூறு தரம் எழுதியிருப்பான். அன்றைக்கு என்னவோ பேனா கனத்தது.

அப்போதுதான் வாசலில் சாலம்மாள் வந்து நின்றாள். விடியற்காலையில் புறப்பட்டு மலை இறங்கி, தர்மபுரி வரைக்கும் நடந்தே வந்திருக்கிறாள். கால் முட்டிவரை செம்மண். வெங்கோபராவுக்குச் சந்தோஷம். பெற்றவளைவிட அறிந்த சாட்சி யார், ரேகை வைக்கட்டும் என்று பச்சியப்பனிடமிருந்து பாரத்தை வாங்கி அவள் முன்னால் வைத்து, வழக்கமாகக் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இந்தப் பையன் யாரும்மா?"

அவள் மகனைப் பார்த்தாள். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சவுரியப்பன் அவள் கண்ணில் படும்படி மெல்லத் தலையாட்டினார். சொல்ல வேண்டிய பெயரை உதட்டை அசைத்துக்கூடக் காட்டினார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டடிக்கக் கால் மணி பாக்கி.

"எஞ்சின்ன மவனுங்க. மாது" என்றாள்.

பச்சியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். பையன் நிமிரவில்லை. கை இரண்டாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

வெங்கோபராவ் கெட்டவர் இல்லை. அம்மா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், பதற்றத்தில் வாய் தவறுவது சகஜம் என்று வழிகூட எடுத்துக் கொடுத்தார். அவள் அந்த வழியில் போகவில்லை.

"ஒருத்தன சாவு கொண்டுபோயிருச்சு. ஒருத்தன நானே கொண்டுபோயிட்டேன். போதுமுங்க சாமி."

அப்புறம் செய்வதற்கு என்ன இருக்கிறது. மாது என்ற பெயரிலேயே கணக்குத் திறக்க முடியாதா என்று பச்சியப்பன் கேட்டுப் பார்த்தான். அந்தப் பெயரில் என்ன அத்தாட்சி இருக்கிறது என்று ஏஜெண்ட் திருப்பிக் கேட்டார். மாது என்று ஒருவன் இருந்ததற்குச் சர்க்காரிடம் இருந்த ஒரே காகிதம், அவன் செத்துவிட்டான் என்று மணியக்காரர் எழுதிய வரி. எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகமோ செத்தவனுடையது. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்த பையனுக்கு இடம் இல்லை. கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. வெங்கோபராவ் யார் மேலும் புகார் எழுதப் போவதில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தந்திப் பாரத்தை மேஜை அறைக்குள் போட்டு மூடினார்.

வெளியே நல்ல வெயில். சாலம்மாள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

"மாது, பாத்து எறங்கு" என்றாள். நாலடி போவதற்குள், மாது தண்ணி குடிக்கிறயா என்றாள். மாட்டு வண்டி வந்தது, மாது ஓரமா வா என்றாள். மூன்று வருஷத்துப் பாக்கியையும் அந்தத் தெருவிலேயே கொடுத்துத் தீர்த்துவிடுகிறவள்போலக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு தரமும் அவன் ஊம் கொட்டினான். வழியில் ஒரு தரம் நின்று, உங்கண்ணனுக்கு இந்த வருசம் அவம் பேரச் சொல்லியே கூப்புடலாம் என்று சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது.

சவுரியப்பன் பாங்கிப் படியிலேயே நின்றுவிட்டார். பித்தளை வளையம் இன்னும் அவர் பையில் இருந்தது. பச்சியப்பன் உள்ளே திரும்பிப் போய், ரத்தான பாரத்தைக் கேட்டு வாங்கி, அறிந்த சாட்சி என்ற இடத்தில் நிதானமாக எழுதினான்: சாலம்மாள் மகன் மாது என்கிற இவரை எனக்கு நன்றாகத் தெரியும். இவர் உயிரோடு இருக்கிறார். கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, தெருவில் ஓடிப் போய் அதைப் பையன் கையில் கொடுத்தான். பையன் படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

பச்சியப்பன் தன் வாழ்நாளில் போட்ட சாட்சிக் கையெழுத்துகளில் நிஜமானது அது ஒன்றுதான். அதை வாங்கிக்கொள்ள மட்டும் எந்தப் பாங்கியும் இல்லை.